சைன்: வில்லின் நாணிலிருந்து ஒரு சொல்லைக் கற்றுக்கொள்வது

முக்கோணவியலுக்குள் காலெடுத்து வைப்பவர் முதலில் சந்திக்கும் சொல் ‘சைன்’. “எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் சைன்” என்று ஒரே வரியில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அந்த வரியில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அதை மட்டும் மனப்பாடம் செய்தவரிடம் 150 பாகைக்குச் சைன் என்ன என்று கேட்டால் திணறிப்போவார். செங்கோண முக்கோணத்துக்குள் 150 பாகைக் கோணத்தை எங்கே போய்த் தேடுவது?

சைன் பிறந்தபோது அது விகிதமாக இருக்கவில்லை. வட்டத்துக்குள் கோடாக வரைந்து, அளவுகோல் வைத்து அளக்கக்கூடிய ஒரு நீளமாக இருந்தது. விகிதம் என்ற பொருள் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. புதிதாகப் படிப்பவரும் அதே வரிசையில் போவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. முதலில் நீளம், பிறகு அட்டவணை, அப்புறம் விகிதம். தமிழில் படிப்பவருக்கு இதில் கூடுதலாக ஒரு வசதியும் இருக்கிறது. வட்டப் பரிதியின் ஒரு துண்டை ‘வில்’ என்றும், அதன் இரு முனைகளையும் சேர்க்கும் நேர்க்கோட்டை ‘நாண்’ என்றும் நம் பள்ளிப் புத்தகங்களே சொல்கின்றன. சைன் என்ற சொல்லின் வேர் அந்த நாணில்தான் இருக்கிறது.

தேவையானவை: வெள்ளைத்தாள், கவராயம், பாகைமானி, அளவுகோல், நன்றாகச் சீவிய பென்சில். கால்குலேட்டரைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் படி: வில்லை வரையுங்கள், நாணைப் பாதியாக்குங்கள்

10 செ.மீ ஆரத்தில் ஒரு வட்டம் வரையுங்கள். தாளில் முழு வட்டத்துக்கு இடம் இல்லையென்றால் பாதி வட்டமே போதும். மையத்திலிருந்து 60 பாகை இடைவெளியில் இரண்டு ஆரங்களை வரைந்து, அவை பரிதியைத் தொடும் இடங்களை ஒரு நேர்க்கோட்டால் இணையுங்கள். இந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே வளைந்திருக்கும் பரிதித் துண்டு வில். இணைத்த கோடு நாண். அளந்து பாருங்கள். நாண் 10 செ.மீ இருக்கும், ஏனென்றால் மூன்று பக்கமும் சமமான முக்கோணம் ஒன்று அங்கே உருவாகியிருக்கிறது.

இனி, மையத்திலிருந்து நாணின் நடுப்புள்ளி வழியாகப் பரிதி வரை ஒரு கோடு இழுங்கள். அது நாணைச் செங்குத்தாக வெட்டும். நாண் 5 செ.மீ வீதம் இரண்டாகும். 60 பாகைக் கோணமும் 30 வீதம் இரண்டாகும். இந்த அரை நாணின் நீளம்தான் 10 செ.மீ ஆரமுள்ள வட்டத்தில் 30 பாகையின் சைன். அதாவது 5 செ.மீ.

இந்தப் படத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். இனி வரும் எல்லாப் படிகளிலும் இது வேண்டும்.

கோணத்தையும் பாதியாக்கினோம், நாணையும் பாதியாக்கினோம் என்பதைக் கவனியுங்கள். புதியவர்கள் தடுமாறும் இடம் இது. 60 பாகை வில்லின் அரை நாண் 30 பாகைக்குத்தான் சைன். எந்தக் கோணத்துக்குச் சைன் வேண்டுமோ, அதைப்போல் இரண்டு மடங்கு கோணத்தில் வில்லை வரைந்து நாணைப் பாதியாக்க வேண்டும்.

ஏன் பாதி?

கிரேக்க வானியலாளர்கள் முழு நாணையே வைத்துக் கணக்கிட்டார்கள். 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த டாலமி, ஆரத்தை 60 பகுதிகளாகக் கொண்டு, அரைப் பாகைக்கு ஒன்று என்ற கணக்கில் நாண்களின் நீளங்களை அட்டவணையாக்கி வைத்தார். கோள்கள் எங்கே நிற்கும் என்று கணிக்க அது போதுமானதாகவே இருந்தது. ஆனால் ஒவ்வொரு கணக்கிலும் கோணத்தை இரட்டிப்பாக்கி, அட்டவணையில் நாணைத் தேடி, கிடைத்ததைத் திரும்பப் பாதியாக்க வேண்டியிருந்தது.

உங்கள் படத்தைப் பாருங்கள். அரை நாண், மையத்திலிருந்து நாணின் நடு வரை உள்ள கோடு, ஆரம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு செங்கோண முக்கோணம். ஆரம் அதன் கர்ணம். பிதாகரஸ் தேற்றத்தை நேரடியாகப் பயன்படுத்தலாம். முழு நாணை வைத்துக்கொண்டு இவ்வளவு நேரடியாகச் செய்ய முடியாது. நாணைப் பாதியாக்கியது சின்ன மாற்றமாகத் தோன்றும். முக்கோணவியலின் மொத்தக் கட்டடமும் அதன் மேல்தான் நிற்கிறது.

அந்த அரை நாணை அட்டவணைப்படுத்தியவர்கள் இந்திய வானியலாளர்கள். ஆரியபட்டர் 499ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய ஆரியபட்டீயத்தில் ‘அர்த்தஜ்யா’ என்ற சொல் வருகிறது. சமஸ்கிருதத்தில் ‘ஜ்யா’ என்றால் வில்லின் நாண், ‘அர்த்த’ என்றால் பாதி. அர்த்தஜ்யா என்றால் அரை நாண். நாளடைவில் ‘அர்த்த’ உதிர்ந்துபோய், வெறும் ‘ஜ்யா’ என்றாலே அரை நாண் என்று ஆனது. அதே பொருளில் ‘ஜீவா’ என்ற சொல்லும் புழங்கியது. இந்த ஜீவாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: படத்தின் மற்ற பாகங்களுக்குப் பெயர் வையுங்கள்

வில்லும் நாணும் இருக்கும் இடத்தில் அம்பும் இருந்தாக வேண்டும். நாணின் நடுப்புள்ளியிலிருந்து வில்லின் நடு வரை உள்ள சின்னத் துண்டைப் பாருங்கள். நாணில் தொடுத்த அம்பு எங்கே இருக்குமோ அங்கேயே இருக்கிறது. இந்திய நூல்கள் அதைச் ‘சரம்’ என்றன. கம்பனைப் படித்தவர்களுக்குச் சரம் என்றால் அம்பு என்று சொல்ல வேண்டியதில்லை. அரபியில் அதற்கு ‘ஸஹ்ம்’, லத்தீனில் ‘சகிட்டா’ என்று பெயர். இரண்டுக்கும் பொருள் அம்புதான்.

மையத்திலிருந்து நாணின் நடு வரை உள்ள நீளம் ‘கோடிஜ்யா’. கோடி என்பது வில்லின் வளைந்த நுனி. தெருக்கோடி என்று நாம் சொல்லும்போதும் நுனி என்ற பொருள்தான் வருகிறது. இன்று இதற்குக் கொசைன் என்று பெயர். 30 பாகையின் கொசைனும், 90இலிருந்து 30ஐக் கழித்தால் மிஞ்சும் 60 பாகையின் சைனும் ஒன்றே. ஐரோப்பாவிலும் அந்தக் கருத்தை வைத்தே பெயரிட்டார்கள். 90 பாகையை நிரப்ப எவ்வளவு குறைகிறதோ அந்தக் கோணத்தின் சைன் என்ற பொருளில், ‘நிரப்புக் கோணத்தின் சைனஸ்’ என்று நீளமாக எழுதிவந்ததை 1620இல் எட்மண்ட் கண்டர் ‘கோ-சைனஸ்’ என்று சுருக்கினார். கொசைனில் உள்ள ‘கொ’வுக்கு அவ்வளவுதான் அர்த்தம்.

உங்கள் படத்தில் இவற்றையும் அளந்து எழுதிவிடுங்கள். 30 பாகைக்குக் கொசைன் 8.7 செ.மீக்குச் சற்றுக் குறைவாகவும், அம்பு 1.3 செ.மீக்குச் சற்று மேலாகவும் வரும். இரண்டையும் கூட்டினால் ஆரம், 10 செ.மீ. வரவில்லை என்றால் நடுக்கோடு எங்கோ சாய்ந்திருக்கிறது.

மூன்றாம் படி: உங்கள் கையாலேயே ஓர் அட்டவணை

அதே 10 செ.மீ வட்டத்தில் 20, 40, 60, 80 பாகைகளுக்குச் சைன் காணுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரட்டை வில் வரைய வேண்டியதில்லை. கிடைமட்டமாக ஓர் ஆரம் வரைந்து, அதிலிருந்து கோணத்தை அளந்து பரிதியில் புள்ளி வையுங்கள். புள்ளியிலிருந்து கிடைக்கோட்டுக்கு இறக்கும் செங்குத்துக்கோடுதான் அரை நாண். மறுபாதி கோட்டுக்குக் கீழே இருப்பதாக வைத்துக்கொள்ளலாம்.

கவனமாக வரைந்தால் 3.4, 6.4, 8.7, 9.8 என்று கிடைக்கும். கோணம் 20இலிருந்து 40 ஆக இரட்டித்தபோது சைன் இரட்டிக்கவில்லை. ஒவ்வொரு படியிலும் கூடும் அளவு முறையே 3.4, 3.0, 2.3, 1.1. போகப்போகக் குறைகிறது. ஏன் என்பது படத்திலேயே தெரியும். வட்டத்தின் தொடக்கத்தில் புள்ளி ஏறக்குறைய நேராக மேலே ஏறுகிறது. உச்சிக்கு அருகில் கிட்டத்தட்டக் கிடையாகவே நகர்கிறது.

இப்படிக் கூடும் அளவுகளைத்தான் ஆரியபட்டர் எழுதிவைத்தார். 90 பாகையை 24 சம பங்காக்கினால் ஒவ்வொன்றும் 3 பாகை 45 கலை. கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. ஒவ்வொரு பங்குக்கும் அரை நாண் எவ்வளவு கூடுகிறது என்பதை அவர் தந்த வரிசை இது:

225, 224, 222, 219, 215, 210, 205, 199, 191, 183, 174, 164, 154, 143, 131, 119, 106, 93, 79, 65, 51, 37, 22, 7.

இந்த 24 எண்களும் ஒரே செய்யுளுக்குள் அடங்கிவிட்டன. அதற்கு அவர் எழுத்துகளையே எண்களாக்கினார். சமஸ்கிருதத்தில் க முதல் ம வரை உள்ள 25 எழுத்துகளுக்கு 1 முதல் 25 வரை மதிப்பு. கூட வரும் உயிரெழுத்து, எண் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைச் சொல்லும். அகரம் வந்தால் ஒன்றின் இடம், இகரம் வந்தால் நூறின் இடம். செய்யுளின் முதல் சொல் ‘மகி’. அதில் ம என்பது 25. அடுத்து வருவது ககர வரிசையின் இரண்டாம் எழுத்து, இகரத்தோடு சேர்ந்து 200. மொத்தம் 225. மனப்பாடம் செய்தே படித்த காலத்தில் ஓர் அட்டவணையை நாக்கில் ஏற்றிவிடும் வழி இது.

இந்த வரிசையை முதலிலிருந்து கூட்டிப் பாருங்கள். இதைச் சோம்பல்படாமல் செய்யச் சொல்வேன், ஏனென்றால் பத்தே நிமிடத்தில் ஓர் அரிய இன்பம் கிடைக்கும். முதல் எட்டு எண்களின் கூட்டல் 1719. எட்டுப் பங்கு என்றால் 30 பாகை. எல்லா 24 எண்களையும் கூட்டினால் 3438. அது 90 பாகையின் சைன், அதாவது ஆரமே. 1719 அதில் சரிபாதி. உங்கள் வட்டத்தில் 10க்கு 5 கிடைத்ததைப் போலவே.

3438 என்ற விநோதமான ஆரம் எங்கிருந்து வந்தது? வட்டம் 360 பாகை, ஒவ்வொன்றும் 60 கலை. ஆக மொத்தப் பரிதி 21,600 கலை. பரிதியை அளக்கும் அதே கலையால் ஆரத்தையும் அளந்தால், 21,600ஐ பை (π) என்ற எண்ணின் இருமடங்கால் வகுக்க வேண்டும். விடை ஏறக்குறைய 3437.75. அதை முழு எண்ணாக்கினால் 3438. இதன் பலனை அட்டவணையின் முதல் எண்ணிலேயே காணலாம். வில் 3 பாகை 45 கலை, அதாவது 225 கலை. அதன் அரை நாணும் 225. கோணம் சிறிதாக இருக்கும்போது வில்லும் அரை நாணும் ஏறத்தாழ ஒரே நீளம் என்ற உண்மை அப்படியே கண்முன் நிற்கிறது. வில்லின் நீளத்தை ஆரத்தால் வகுத்துக் கோணத்தை அளக்கும் ரேடியன் என்ற அளவை இன்று ஏன் விரும்பிப் பயன்படுத்துகிறோம் என்று கேட்பவருக்கு நான் இந்த 225ஐத்தான் காட்டுவேன்.

ஆர்வம் உள்ளவர்கள் இன்னும் ஓர் அடி போகலாம். கூடும் அளவுகள் 225, 224, 222, 219, 215 என்று இறங்குகின்றன. இறக்கம் 1, 2, 3, 4. அதுவரை சேர்ந்த சைனை 225ஆல் வகுத்தால் இந்த இறக்கம் கிடைத்துவிடும். 225ஐ 225ஆல் வகுத்தால் 1. இரண்டாம் சைன் 449. வகுத்தால் ஏறக்குறைய 2. மூன்றாவது 671, ஏறக்குறைய 3. சைன் எவ்வளவு பெரிதோ, அதற்கேற்ப அதன் வளர்ச்சி அடுத்த படியில் குறைகிறது. இந்த வழியில் போனால் ஆறாம் படியில் 1315ஐ வகுத்து 6ஐக் கழிக்கத் தோன்றும். அட்டவணையிலோ 5தான் குறைந்திருக்கிறது. துல்லியமாகக் கணக்கிட்டால் வகு எண் 225க்குப் பதிலாக 233.5க்கு அருகில் வர வேண்டும் என்பது அதற்கு ஒரு காரணம். எண்கள் சற்றுத் தள்ளி நின்றாலும் விதி விதிதான். சைனை இருமுறை வகையிட்டால் அதே சைன் எதிர்க்குறியோடு வரும் என்று நுண்கணிதத்தில் பின்னால் படிப்பது இதைத்தான்.

எல்லாரும் 3438ஐயே ஆரமாகக் கொள்ளவில்லை. வராகமிகிரர் 120ஐ எடுத்தார், பிரம்மகுப்தர் 3270ஐ எடுத்தார். ஆரம் மாறினால் சைனும் மாறும். பழைய நூல் எதையாவது திறந்தால், அந்த ஆசிரியர் ஆரத்தை எவ்வளவாகக் கொண்டார் என்பதை முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் எண்கள் தலைகால் புரியாது.

நான்காம் படி: சொல் போன பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

8ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இந்திய வானியல் நூல்கள் அரபிக்குப் போயின. ‘ஜீவா’வை மொழிபெயர்க்காமல், ஒலியை மட்டும் எடுத்து ‘ஜீபா’ என்றார்கள். அரபியில் அதற்குத் தனியாகப் பொருள் ஏதும் கிடையாது. கலைச்சொல்லாக மட்டும் இருந்தது. அரபி எழுத்தில் குற்றுயிர்களை எழுதும் வழக்கம் இல்லை. ஜ, ய, ப என்ற மூன்று எழுத்துகள்தான் ஏட்டில் இருக்கும். படிப்பவர்தான் உயிர் கொடுத்துப் படிக்க வேண்டும். அதே மூன்று எழுத்துகளை ‘ஜைப்’ என்றும் படிக்கலாம். ‘ஜைப்’ எல்லாருக்கும் தெரிந்த அரபிச் சொல். ஆடையின் மார்புப் பக்க மடிப்பு என்று பொருள். தெரியாத ‘ஜீபா’ மெல்ல மறைந்து, தெரிந்த ‘ஜைப்’ அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

12ஆம் நூற்றாண்டில் அரபி நூல்கள் ஸ்பெயினில் லத்தீனுக்கு மாறியபோது, ‘ஜைப்’ லத்தீனில் ‘சைனஸ்’ ஆனது. மடிப்பு, மார்பு, வளைகுடா என்றெல்லாம் பொருள் தரும் சொல் அது. இதைச் செய்தவர் டோலிடோவில் பணியாற்றிய கிரெமோனாவின் ஜெரார்டு என்று சிலரும், செஸ்டரின் ராபர்ட் என்று சிலரும் சொல்கிறார்கள். அந்தச் சைனஸ்தான் ஆங்கிலத்தின் வழியாகச் ‘சைன்’ ஆகி நம்மிடம் திரும்பியிருக்கிறது.

இதை “மொழிபெயர்ப்பாளர் செய்த முட்டாள்தனம்” என்று பரிகசித்து எழுதுவதை அடிக்கடி காணலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. லத்தீன்காரர்கள் தங்கள் முன்னால் இருந்த அரபிச் சொல்லைச் சரியாகவே பெயர்த்தார்கள். அரபுக் கணித மரபிலேயே அந்தச் சொல் ஜைப் என்றுதான் நிலைத்தது. இன்றைக்கும் அரபி மாணவர்கள் சைனை ஜைப் என்றுதான் படிக்கிறார்கள். சொல் மாறியது, கணிதம் ஓர் இம்மி பிசகவில்லை. அரை நாணின் நீளம் எந்த மொழியிலும் அதே நீளம்தான்.

மூக்குக்கு அருகே எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளுக்குச் சைனஸ் என்று பெயர் அல்லவா? அதே லத்தீன் சொல்தான். குழிவு, உட்குடைவு என்ற பொருளில் மருத்துவத்துக்குப் போனது. தலைவலி தரும் சைனஸும் தேர்வில் வரும் சைனும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். ஆனால் கையெழுத்துக்கும் விளம்பரப் பலகைக்கும் நாம் பேச்சில் சொல்லும் ‘சைன்’ வேறு. அது ‘சிக்னம்’ என்ற வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதால் வகுப்பில் குழப்பம் வரும். கூட்டல், கழித்தல் அடையாளங்களைப் பற்றிப் பேசும்போது ‘குறி’ என்றே சொல்லிப் பழகுங்கள். “சைனின் குறி என்ன?” என்று கேட்டால் யாருக்கும் ஐயம் வராது.

ஐந்தாம் படி: நீளத்தை விகிதமாக்குங்கள்

10 செ.மீ வட்டத்தில் 30 பாகையின் சைன் 5. 3438 வட்டத்தில் 1719. வராகமிகிரரின் 120 வட்டத்தில் 60. ஒவ்வொன்றையும் அதன் ஆரத்தால் வகுத்தால் எல்லாமே 0.5. ஆரத்தால் வகுத்துவிட்டால் வட்டம் சிறிதா பெரிதா என்ற கவலை போய்விடுகிறது. உங்கள் முக்கோணத்தில் அரை நாண் எதிர்ப்பக்கம், ஆரம் கர்ணம். பாடப்புத்தகத்தின் ஒற்றை வரி இங்கேதான் பிறக்கிறது.

வட்டத்தை விட்டுச் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களைக் கொண்டே விளக்கும் முறையை 1551இல் ரேட்டிகஸ் முன்வைத்தார். ஆரத்தை 1 என்று கொள்ளும் இன்றைய வழக்கத்தை நிலைநாட்டியவர் ஆய்லர், 1748இல். ஆரம் 1 என்றால் வகுக்கவே வேண்டாம், அரை நாணே சைன்.

ஆரியபட்டரின் அட்டவணையைச் சோதித்துப் பார்க்கலாம். முதல் 12 எண்களின் கூட்டல் 2431, அது 45 பாகைக்கு உரியது. 3438ஆல் வகுத்தால் 0.70710. கால்குலேட்டர் தருவது 0.70711. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கையால் செய்த கணக்கு இது.

முதலில் கேட்ட 150 பாகைக்கு இப்போது வரலாம். உங்கள் வட்டத்தில் கிடைக்கோட்டிலிருந்து 150 பாகை சுற்றிப் புள்ளி வையுங்கள். கிடைக்கோட்டை மையத்துக்கு அப்பாலும் நீட்டி, புள்ளியிலிருந்து செங்குத்து இறக்குங்கள். அது 5 செ.மீ. ஆகவே 150 பாகையின் சைனும் 0.5. 210 பாகைக்குப் புள்ளி கிடைக்கோட்டுக்குக் கீழே போய்விடும். அதனால் −0.5. 360ஐத் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. முக்கோணத்தில் சிக்கிக்கொள்ளாமல் வட்டத்தில் தொடங்கியதன் பயன் இது. இந்த ஏற்ற இறக்கத்தைக் கோணத்துக்கு எதிராக வரைந்தால் வரும் அலைதான் சைன் அலை. மாறுமின்னோட்டமும் இசைக்கவையின் ஒலியும் அந்த வடிவம்தான்.

ஆறாம் படி: சொல்லைப் பிழையில்லாமல் கையாளுங்கள்

சைனுக்கு எப்போதும் ஒரு கோணம் கூட வர வேண்டும். ‘சைன் 30°’ என்பதற்குப் பொருள் உண்டு. தனியாகச் ‘சைன்’ என்று எழுதி நிறுத்தினால் எதன் நாண் என்று தெரியாது. இது ஒரு பெருக்கல் அல்ல என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது. சைன் (30° + 60°) என்பதைச் சைன் 30° + சைன் 60° என்று பிரித்துவிடும் பழக்கம் புதியவர்கள் பலரிடமும் உண்டு. பிரித்தால் 0.5 + 0.866 = 1.366 வரும். அரை நாண் ஆரத்தைவிட நீளமாக இருக்க முடியுமா? முடியாது. சரியான விடை 1. சைனின் மதிப்பு 1ஐத் தாண்டினால் கணக்கில் எங்கோ தவறு என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

கால்குலேட்டரில் முதலில் சைன் 30 போட்டுப் பாருங்கள். 0.5 வந்தால் டிகிரி முறையில் இருக்கிறது. −0.988 வந்தால் ரேடியன் முறை. 0.454 வந்தால் கிரேடியன் என்னும் மூன்றாவது முறை, அதில் செங்கோணம் 100 பங்கு. இந்த ஒரு சோதனையைத் தேர்வறைக்குள் உட்கார்ந்ததும் செய்துவிடுங்கள், எத்தனையோ மதிப்பெண்களைக் காப்பாற்றும். எக்செல் போன்ற விரிதாள்களும் பெரும்பாலான நிரல்மொழிகளும் ரேடியனையே எதிர்பார்க்கும். அங்கே பாகையைப் பையால் பெருக்கி 180ஆல் வகுத்த பிறகே கொடுக்க வேண்டும்.

குறியீட்டில் ஒரு பொறி இருக்கிறது. சைன்² 30° என்றால் சைனின் மதிப்பை வர்க்கப்படுத்துவது, 0.25. ஆனால் சைன்⁻¹ 0.5 என்றால் 1ஐச் சைனால் வகுப்பது அல்ல; எந்தக் கோணத்துக்குச் சைன் 0.5 என்று திருப்பிக் கேட்பது. விடை 30°. மேலே வரும் இரண்டு சின்ன எண்களும் ஒரே இடத்தில் நின்று வெவ்வேறு வேலை செய்கின்றன. இந்த −1 குறியீடு 1813இல் ஜான் ஹெர்ஷல் கொண்டுவந்தது. குழப்பம் வேண்டாம் என்பவர்கள் ‘ஆர்க்சைன்’ என்று எழுதலாம், நான் பரிந்துரைப்பதும் அதுவே. ‘ஆர்க்’ என்றால் வில். சைன் என்பது வில்லைக் கொடுத்து நாணைக் கேட்பது, ஆர்க்சைன் என்பது நாணைக் கொடுத்து வில்லைக் கேட்பது. சொல்லே விளக்கமும் தந்துவிடுகிறது.

கர்ணம் தெரிந்து உயரம் வேண்டும் என்றால் சைனால் பெருக்குங்கள். 5 மீட்டர் ஏணி தரையோடு 70° கோணத்தில் சாய்ந்திருந்தால், 5 × 0.94 = 4.7 மீட்டர் உயரத்தில் சுவரைத் தொடும். உயரம் தெரிந்து கர்ணம் வேண்டும் என்றால் சைனால் வகுக்க வேண்டும். எதைப் பெருக்குவது, எதை வகுப்பது என்று ஐயம் வந்தால், கர்ணம்தான் எப்போதும் பெரியது என்பதை வைத்துச் சரிபார்க்கலாம்.

கையில் கால்குலேட்டர் இல்லாத நேரத்துக்கு, 7ஆம் நூற்றாண்டில் முதலாம் பாஸ்கரர் தந்த வழி இருக்கிறது. கோணத்தை 180இலிருந்து கழியுங்கள். கழித்து வந்ததைக் கோணத்தால் பெருக்குங்கள். அந்தப் பெருக்குத்தொகையின் நான்கு மடங்கை, 40,500இலிருந்து அதே பெருக்குத்தொகையைக் கழித்து வருவதால் வகுங்கள். 30 பாகைக்கு: 30 × 150 = 4500. நான்கு மடங்கு 18,000. 40,500 − 4500 = 36,000. வகுத்தால் 0.5. 90 பாகைக்குச் சரியாக 1. 45 பாகைக்கு 0.7059, உண்மையான மதிப்பிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் விலகல். 0 முதல் 180 வரை எந்தப் பாகைக்கும் பிழை ஆயிரத்தில் இரண்டைத் தொடாது. மூலமே எடுக்காமல், நாண் வரையாமல், பெருக்கி வகுத்தே இவ்வளவு தூரம் வந்துவிடலாம்.

படத்தில் விட்டுவைத்த அம்பு

பாடத்திட்டங்களில் இன்று சைன், கொசைன், டேன்ஜென்ட் மூன்றும் இருக்கின்றன, அம்பு இல்லை. ஆனால் அது செத்துப்போகவில்லை. அம்பின் நீளம், ஆரம் 1 என்றால், 1 கழித்தல் கொசைன். ஆங்கிலத்தில் அதற்கு ‘வெர்சைன்’ என்று பெயர். அதில் பாதிக்கு ‘ஹாவர்சைன்’ என்று 1835இல் ஜேம்ஸ் இன்மன் பெயரிட்டார். கப்பலோட்டிகளுக்கான கணக்குகளில் அது மிகவும் உதவியது. பூமி உருண்டை என்பதால், இரண்டு இடங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்து நடுவே உள்ள தூரம் காண வளைந்த பரப்பில் கணக்கிட வேண்டும். அந்த வேலைக்கு நிரலாளர்கள் இப்போதும் பயன்படுத்துவது ஹாவர்சைன் சூத்திரம்தான்.

அதை உங்கள் படத்திலேயே சரிபார்க்கலாம். பாதிக் கோணத்தின் சைனை வர்க்கப்படுத்தினால் ஹாவர்சைன் வர வேண்டும். 60 பாகைக்குக் கொசைன் 0.5, ஆகவே அம்பு 0.5, அதில் பாதி 0.25. மறுபக்கம், 60இல் பாதி 30. முதல் படியில் வரைந்த அதே அரை நாண், ஆரத்தால் வகுத்தால் 0.5. அதன் வர்க்கம் 0.25. மற்ற கோணங்களுக்கும் இதே போல் இரண்டு பக்கத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். 40 பாகைக்கு இரண்டும் 0.117 வரும்.